பினாங்கு போய்வந்த பத்தொன்பது

நோன்பு மாதம். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் கஞ்சிக்குத் தூக்குச் சட்டிகள் வரிசை கட்ட ஆரம்பித்திருந்த நேரம். காசிம் நானா எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து தம் தகரப் பெட்டியைத் திறந்தார்.

அந்தப் பெட்டியிலிருந்து எப்போதும் ஒரு வாசனை வரும். சோப்பு, பிஸ்கெட், தைலம், கப்பலின் ஈரம் எல்லாம் கலந்த வாசனை. வாப்பா என்றால் அந்த வயதில் எனக்கு அந்த வாசனைதான்.

வாப்பா பினாங்கில் ஒரு ஜவுளிக் கடையில் வேலையாக இருந்தார். நான் பிறந்த பிறகு அவர் ஊருக்கு வந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் ஒரு கையே ஜாஸ்தி. காசிம் நானாவுக்கும் அங்கே அதே கடைதான். இங்கே கடலூர் முதுநகரில் எங்கள் தெரு. பெரியவர் சிறியவர் என்றில்லாமல் தெருவே அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் அழைக்கும். நோன்புக்கும் பெருநாளுக்கும் ஊர் வருகிறவர், வாப்பா கொடுத்தனுப்பியதை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்.

பெட்டியிலிருந்து உம்மாவுக்குத் துணி வந்தது. பிஸ்கெட் டப்பா வந்தது. பிறகு காகிதத்தில் சுற்றிய என் மார்க்குக் கார்டு வந்தது. கடைசியாக ஒரு வெள்ளைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் வந்தன. பள்ளிக்கூடத்துக்கு அரைக்கால் சட்டை, வீட்டில் கைலி என்று இருந்தவன் நான். இது எதற்கு என்று உம்மா கேட்டாள்.

"கப்பலுக்கு" என்றார் காசிம் நானா. "பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டாச்சு. அங்க இப்ப கெடுபிடி ஜாஸ்தி. வயசு ஏறிட்டா, புள்ளன்னு சொன்னாலும் உள்ள வுட மாட்டான். பெருநா கழிச்சி நான் திரும்பறப்ப தம்பியக் கையோட கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க."

துணியை மடித்துக்கொண்டிருந்த உம்மாவின் கை அப்படியே நின்றது. நான் கார்டைப் பார்த்தேன். காலாண்டுப் பரீட்சை, கணக்கு, பத்தொன்பது. சிவப்பு மசியில் அடிக்கோடு. அதன் கீழே வாப்பாவின் கையெழுத்து.

வழக்கமாகக் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி திட்டு இருக்கும். இந்தத் தடவை கையெழுத்து மட்டும்தான். திட்டக்கூட மனமில்லாத அளவுக்குக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

கப்பல் கார்டு

இதை வாசிக்கும் இளைஞர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அறுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி., அதாவது பதினோராம் வகுப்பு.

எங்கள் வகுப்பில் பாதிப் பையன்களின் தகப்பன்மார் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். மார்க்குக் கார்டில் தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்பது பள்ளியின் சட்டம். அதற்கு உம்மா கையெழுத்துப் போடுவாள், மாமன் போடுவார். அவசரத்துக்குத் தனக்குத் தானே வாப்பா ஆகிவிட்ட பையன்களும் உண்டு. வகுப்பாசிரியரும் கணக்கு வாத்தியாருமான வைத்தியலிங்கம் சார் எல்லாம் தெரிந்தும் கண்டுகொள்ள மாட்டார்.

என் வாப்பா மட்டும் ஒப்பவில்லை. கடுதாசியில் நாம் எது வேண்டுமானாலும் எழுதலாம், முத்திரை போட்ட கார்டுதான் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. ஆகவே வைத்தியலிங்கம் சார் எனக்கு ஒவ்வொரு பரீட்சைக்கும் இரண்டு கார்டு எழுதிக் கொடுத்தார். ஒன்று பள்ளிக்கூடத்துக்கு. மற்றதற்கு அவரே வைத்த பெயர் கப்பல் கார்டு.

அது போகும் விதம் இப்படி. நீல நிற ஏர்மெயில் கடுதாசிக்குள் வேறு எதையும் வைத்து அனுப்பக் கூடாது, தனி உறையில் அனுப்பினால் செலவு ஜாஸ்தி. அதனால் கார்டு, பினாங்கு போகிற ஆளுக்காக அலமாரியில் காத்திருக்கும். ஆள் கிடைத்து, அவர் நாகப்பட்டினம் போய், கப்பல் ஏறி, கடல் தாண்டி வாப்பாவிடம் சேர்ப்பார். வாப்பா கையெழுத்துப் போட்டு, ஊர் திரும்புகிற ஆளுக்காகக் காத்திருப்பார். காலாண்டுக் கார்டு திரும்பி வரும்போது இங்கே அரையாண்டே முடிந்திருக்கும்.

ஒரு வருஷம் தமிழில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். அதைப் பாராட்டி வாப்பா எழுதிய வரி வந்து சேர்ந்த அன்று, தமிழய்யாவிடம் காது திருகு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தேன். பாராட்டைப் படிக்கும்போது காது எரிந்துகொண்டிருந்தது. யாரையோ பாராட்டியிருக்கிறார் என்று தோன்றியது.

பத்தொன்பது எப்படி வந்தது

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது புதிய சேதி அல்ல. பஸ் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே நிலையத்தில் நிற்கிற ஜாதி.

காலாண்டுக் கணக்குப் பரீட்சையில் முதல் கேள்வி ஒரு தேற்றம். எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். படம் வரைந்தேன். பாதியில் ஒரு படி பிடிபடவில்லை. அடுத்த கணக்குக்குப் போயிருக்கலாம், எந்தப் புத்திசாலியும் அதைத்தான் செய்வான். எனக்கோ, முதல் கணக்கை முடிக்காமல் இரண்டாவதைத் தொட்டால் முதலாவது கோபித்துக்கொள்ளும் என்று ஒரு பயம். அடித்தேன், எழுதினேன், மறுபடி அடித்தேன். மணி அடித்தபோது விடைத்தாளின் பின்பாதி வெள்ளையாக இருந்தது.

பத்தொன்பதுக்கு இதுதான் காரணம். கணக்குத் தெரியாததற்குக் கிடைத்த மார்க் அல்ல அது, பயத்துக்குக் கிடைத்த மார்க். ஆனால் கார்டில் பயத்துக்கு ஒரு கலம் கிடையாது.

எழுபத்தொன்று எப்படி வந்தது

இனி அரையாண்டு. அந்தச் சமயத்தில் வைத்தியலிங்கம் சார் வீட்டில் மகள் கல்யாணப் பேச்சு. மனிதர் பண்ருட்டிக்கும் கடலூருக்குமாக அலைந்துகொண்டிருந்தார். புதிதாக வினாத்தாள் எழுத அவருக்கு நேரமில்லை. பழைய தாள் ஒன்றையே எடுத்துக் கொடுத்துவிட்டார். அதை அவரே எங்களுக்கு வகுப்பில், கரும்பலகையில், கணக்குக் கணக்காகப் போட்டுக் காட்டியிருந்தார்.

வினாத்தாளைப் பார்த்ததும் வகுப்பில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. எனக்கே எழுபத்தொன்று வந்துவிட்டது. கணக்குத் தாளில் அப்படி ஓர் எண்ணை என் பெயருக்குப் பக்கத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் கலியபெருமாள், சோனங்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. கணக்கை மனத்திலேயே போடுவான். அவன் என் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"மார்க்கப் பாக்காத மச்சான், ராங்க்கப் பாரு" என்றான். "எங்க இருந்தியோ அங்கியேதான் இருக்க."

பார்த்தேன். காலாண்டில் ராங்க் முப்பத்தொன்று. அரையாண்டிலும் முப்பத்தொன்று. என் ஒருவனுக்காகவா கடல் பொங்கியது? எல்லார் படகும் ஒரே உயரத்துக்கு ஏறியிருந்தது.

இந்த எழுபத்தொன்று கைக்கு வந்த சில நாட்களில்தான் காசிம் நானா பெட்டியோடு வந்தார். ஒரு பக்கம் பத்தொன்பதைப் பார்த்துவிட்டு வாப்பா எடுத்த முடிவு. மறுபக்கம் வாப்பா இன்னும் பார்க்காத எழுபத்தொன்று. நடுவில் கடல்.

உம்மாவின் முடிவு

அன்று நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மற்றவர்கள் தொழப் போன பிறகு உம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். போக ஆசையா என்று கேட்டாள். சிதம்பரத்தில் மாமா வீட்டில் தங்கிக் கல்லூரியில் பி.யு.சி. படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை என்றேன். கடையில் துணி அளந்து போடுகிற வேலை கேவலம் என்று நான் நினைக்கவில்லை. எனக்குக் கடல் பயம், புது ஊர் பயம். எல்லாவற்றையும்விட, முகம்கூடச் சரியாக ஞாபகமில்லாத வாப்பாவின் எதிரில், பத்தொன்பது வாங்கியவனாகப் போய் நிற்பது பயம்.

உம்மா, கல்யாணமாகி வந்த வருஷமே புருஷனைக் கப்பலேற்றியவள். அதற்குப் பிறகு யாரையாவது ரயிலேற்றிவிடப் போகிறோம் என்றால்கூட அவள் வரமாட்டாள்.

"அப்ப இந்த எழுவத்தொண்ணு ஏரோப்ளேன்ல போவட்டும்" என்றாள். "கப்பல்ல போனா, அது கூடவே நீயும் போயிடுவே."

பெயில் ஆன மாமா

சிதம்பரம் மாமாவுக்குச் சொல்லியனுப்பினாள். அவர் உம்மாவின் தம்பி. தெற்கு வீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு விடாமல் படையெடுத்து, ஒவ்வொரு தடவையும் கணக்கில் தோற்றுத் திரும்பியவர்.

அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பெயில் என்பதும் ஒரு படிப்புதான். பெண் கேட்டு வருகிறவர்கள் அதை ஒளிக்காமல் சொல்வார்கள். பரீட்சை வரைக்கும் போனவன் என்று அதற்கு அர்த்தம். மாமாவும் அப்படித்தான் கல்யாணம் செய்துகொண்டார். ஆனாலும் கல்லூரிப் பையன்கள் காற்றடிக்கச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போதெல்லாம், தம்பி கணக்குல எவ்வளவு என்று கேட்காமல் விடமாட்டார். அந்தப் பையன்கள் அவரைக் கண்டு பயந்து வேறு கடை தேடியதாகவும் கேள்வி.

மாமா வந்தார். என் கார்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுபத்தொன்று என்று வாய்விட்டுச் சொன்னார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். வினாத்தாள் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது, முழுங்கிக்கொண்டேன். மாமா தம் மச்சானான வாப்பாவுக்குக் கடுதாசி எழுத உட்கார்ந்தார். பையனுக்குக் கணக்கு வந்துவிட்டது, இந்த நேரத்தில் படிப்பை நிறுத்தினால் பாவம், பி.யு.சி. முடிகிறவரை சோறும் இடமும் என் பொறுப்பு என்று எழுதினார்.

திருப்பாதிரிப்புலியூர் தபால் ஆபீஸ்

முதுநகரிலேயே தபால் ஆபீஸ் உண்டு. ஆனால் அங்கே ஓர் உறையைக் கொடுத்தால், அது மூட்டையில் விழுவதற்கு முன்பே தெருவுக்குச் சேதி வந்துவிடும். நானாவுக்குத் தெரியாமல் நடக்க வேண்டும் என்று உம்மா சொல்லியிருந்தாள். அழைத்துப்போக வந்தவரின் முதுகுக்குப் பின்னால் செய்கிறோமே என்று அவளுக்கு ஒரு கூச்சம்.

அதனால் பஸ் ஏறித் திருப்பாதிரிப்புலியூர் போனேன். மாமாவின் கடுதாசியும் கார்டும் வைத்த கெட்டி உறையைக் கைக்குள் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். நோன்பு வயிறு, வெயில். என் முறை வரும்போது, வரிசையிலிருந்து விலகிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

காரணம் ராங்க். வாப்பாவுக்குக் கடையில் கணக்கு எழுதுகிற வேலையும் உண்டு. எழுபத்தொன்றைப் பார்த்த கண் அடுத்த கலத்துக்குப் போகாமல் இருக்குமா? போனால், பழைய முப்பத்தொன்று ஞாபகம் வராமல் இருக்குமா? முத்திரை போட்ட கார்டு பொய் சொல்லாது என்று நம்புகிறவருக்கு, முத்திரை போட்ட ஒரு பொய்யை அனுப்புகிறேனோ என்று இருந்தது. அதில் ஓர் எண்கூடப் பொய் இல்லை, அதுதான் வேடிக்கை.

உறையைக் கொடுத்தேன். குமாஸ்தா தராசில் போட்டு, தபால்தலை ஒட்டி, ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். அந்தச் சத்தத்துக்கு என் நெஞ்சு பதில் சொன்னது.

நடுவில் ஒரு முறையீடு

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் மாடிவீட்டுப் பெண். பரீட்சை முடிவு வந்ததிலிருந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். இத்தனைக்கும் அவள் வாங்கிய மார்க்கை எங்கள் காலத்தில் வாங்கியிருந்தால் ஊர்வலம் விட்டிருப்பார்கள். அவளுடைய அம்மா என்னிடம் வந்து, நீங்கள் எழுத்தாளர், நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்றார். எனக்கு நல்ல வார்த்தை வராது. மார்க் முக்கியமே இல்லை என்று சொல்லவும் வாய் வராது. மார்க்கினால்தான் நான் கப்பலேறவில்லை. மார்க்கினால்தான் கல்லூரி வாசலை மிதித்தேன். முக்கியமில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல மார்க் வாங்கி நல்ல வேலையில் இருக்கிறவர்கள்தான் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். அம்மாடி, மார்க் என்பது கப்பலில் வருகிற சேதி. அது புறப்பட்ட அன்றைக்கு உண்மை. உன் கைக்கு வந்து சேரும்போது நீ வேறு ஆள். பழைய சேதியைப் படித்துவிட்டுப் பட்டினி கிடக்காதே. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தாத்தா எல்லாம் இப்போது செல்போனிலேயே வந்துவிடுகிறது என்றாள். அப்புறம் நான் கொண்டுபோன இட்லியில் ஒன்றைத் தின்றாள்.

அவளிடம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. மார்க்கை நாம் ஒரு விதமாகப் படிக்கிறோம். அதை வாசிக்கிற இன்னொருவர் அதில் என்ன படிக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. அந்தப் பாடம் எனக்குக் கிடைத்த விதத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

தபால்காரர்

பெருநாள் வந்தது. முழுக்கால் சட்டையைப் போட்டுக்கொள்ளவா என்று கேட்டேன். உம்மா வேண்டாம் என்றாள். நானா பெருநாள் சோறு சாப்பிட வந்தபோது, தம்பிக்குச் சாமான் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டதா என்று விசாரித்தார். உம்மா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

தபால்காரர் வருகிற நேரத்தில் எனக்குப் படிப்பு ஓடாது. சைக்கிள் மணி தெருக்கோடியில் கேட்கும். எதிர்வீட்டில் நிற்கும். எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும். போன பிறகு ஒரு நிம்மதி, வராததற்கு ஒரு கவலை. இரண்டும் சேர்ந்து வரும். உம்மா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்துகிற நேரம் நீண்டுகொண்டே போனது. நானோ, அந்த ஒரு கலத்தின் மேல் மட்டும் வாப்பாவின் பார்வை விழக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படி எல்லாம் கேட்கலாமா என்று அதற்கும் ஒரு பயம்.

நானா புறப்படுகிற வாரத்தில் கடுதாசி வந்தது. உம்மாவுக்கு எழுத்து வாசிப்பு சுமார் என்பதால் எப்போதும் நான்தான் உரக்கப் படிப்பேன். சலாம், ஷேமம் எல்லாம் வழக்கம்போல. நடுவில் மூன்று சின்ன வாக்கியங்கள். கார்டு பார்த்தேன். பையன் படிக்கட்டும். காசிம் மட்டும் வரட்டும்.

உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனாள். அன்று வீட்டில் பாயசம். நானும் குடித்தேன். இரண்டாவது டம்ளரில் கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. பத்தொன்பது வாங்கியவனுக்கு என்ன குறை? அவனிடம் யாரும் ஒன்றும் எதிர்பார்க்கப் போவதில்லை. இந்த எழுபத்தொன்று வாங்கிய பையனை இனி நான் எங்கே போய்ப் பிடித்துக்கொண்டு வருவேன்?

அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. அவன் கடைசிவரை கிடைக்கவில்லை. பெரிய பரீட்சையில் கணக்குக்கு வந்தது நாற்பத்து மூன்று. மற்றப் பாடங்கள் கைகொடுத்ததால் பி.யு.சி.யில் இடம் கிடைத்தது. அப்புறம் வேலை, எழுத்து என்று எப்படியோ வாழ்க்கை போய்விட்டது. வாப்பா அதற்குப் பிறகு ஊருக்கு வந்தது இரண்டு தடவை. விருந்தாளி மாதிரி வந்தார், விருந்தாளி மாதிரியே போனார்.

கிள்ளை தாண்டி

பள்ளிக்கூடத்தில் பெரிய பரீட்சைக்காகப் படிக்க விடுமுறை விட்டார்கள். மாமா சிதம்பரத்தில் எனக்காக ஒரு கணக்கு வாத்தியாரைப் பிடித்து வைத்திருந்தார். காசிம் நானாவும் அன்றைக்குத்தான் நாகப்பட்டினம் போகிறார், கப்பலுக்கு. ஒரே ரயில். முதுநகர் ஜங்ஷனில் இரண்டு பேரும் ஏறினோம். அவருடைய பெட்டியில் வாப்பாவுக்காக உம்மா கொடுத்த முந்திரிப் பருப்பும் கருவாடும் இருந்தன. உம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லை.

நானா கோபமாக இருப்பார் என்று பயந்து, நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆலப்பாக்கம் போயிற்று, புதுச்சத்திரம் போயிற்று. எஞ்சின் கரி கண்ணில் விழுந்தது. பரங்கிப்பேட்டையில் வண்டி நின்றபோது நானா வடை வாங்கிக் கொடுத்தார். ஏரோப்ளேன் சேதி எனக்கு மொதல்லியே தெரியும் தம்பி, ஒங்க உம்மா செஞ்சது தப்பில்ல என்றார்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டிய பிறகு, வாப்பாவுக்கு என் மேல் ரொம்பக் கோபமா என்று கேட்டேன். பத்தொன்பதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்றும் கேட்டேன். அந்த ஒரு சட்டை, ஒரு கையெழுத்து, அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது.

நானா கையைத் துடைத்துக்கொண்டார்.

"கோவமா? சிரிச்சாரு தம்பி" என்றார். "கடையில இருந்த அத்தினி பேருக்கும் அந்தக் கார்டக் காட்னாரு. பையனுக்குப் படிப்பு வரல, எங்கிட்ட வந்துடுவான்னாரு. மாடில ஜன்னலோரம் அவரு படுக்கற எடம். பக்கத்துல படுத்திருந்த ஆள எழுப்பி வேற பக்கம் மாத்திட்டாரு, ஒனக்குன்னு. நான் கெளம்பற வரைக்கும் அந்த எடத்துல யாரையும் படுக்க வுடல."

எனக்கு ராங்க் ஞாபகம் வந்தது. ஒரு கார்டில் மார்க் மட்டும் ஏறி, ராங்க் பழையபடியே இருந்தால் வாப்பா கவனிப்பாரா என்று, சம்பந்தமில்லாத மாதிரி கேட்டேன்.

"ஒங்க வாப்பா கண்ணுல ஒரு எண்ணு தப்புமா?" என்றார் நானா.

கிள்ளை தாண்டியது. வண்டி வேகம் குறைய ஆரம்பித்தது. நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வாப்பாவுக்குச் சலாம் சொல்லுங்கள் என்றேன். வேறு என்ன சொல்லியனுப்புவது என்று தெரியவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் அதுவரை மார்க்கைத் தவிர வேறு பேச்சு நடந்ததே இல்லை.

"சொல்றேன்" என்றார். "நீ வரலன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சாலும் கப்பல் வர்ற அன்னிக்குத் தொறைக்கு வந்து நிப்பாரு பாரு. எனக்குப் பின்னாடி யாராச்சும் எறங்கறாங்களான்னுதான் மொதல்ல பாப்பாரு."

சிதம்பரம் ஸ்டேஷனில் மாமா காத்திருந்தார். கையில் எனக்காகப் புதுக் கணக்கு நோட்டு. நான் இறங்கினேன். நானா ஜன்னல் வழியாகக் கையசைத்தார். வண்டி மாயவரம் பக்கம் நகர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிளாட்பாரம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். எனக்கு வெட்கமும் இல்லை. அழுதேன்.

மாமா பதறிப்போய் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா மாப்ள இதுக்குப் போயி அழுவுற" என்றார். "வாத்தியார்கிட்ட பேசிட்டேன். கணக்குல பாஸ் பண்ணிடலாம்டா."

அவர் தேற்றத் தேற்ற எனக்கு அழுகை ஜாஸ்தியாயிற்று.